விட்ச்கிராஃப்ட் என்றால் சூனியமா?

ஹாரி பாட்டர் புத்தகங்களைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லி அமெரிக்காவில் யாராவது கிளம்பினால் போதும், "சிறுவர்களுக்குச் சூனியம் கற்றுத்தரும் நூலுக்குத் தடை" என்று தமிழில் எழுதிவிடுகிறோம். விட்ச்கிராஃப்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகச் சூனியத்துக்குப் போய்விடுகிறது. இதனால் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்பதே வாசகருக்குப் புரியாமல் போகிறது.

வேர்க்கதை சின்னது. பழைய ஆங்கிலத்தில் விச்சா என்றால் மந்திரக்காரன், விச்சே என்றால் மந்திரக்காரி. அதோடு தொழில்திறனைக் குறிக்கும் கிராஃப்ட் சேர்ந்தது, அவ்வளவுதான். இன்று அந்தச் சொல் மூன்று பொருளில் புழங்குகிறது. ஒன்று, கதைகளில் வரும் மந்திரம். இன்னொன்று, வேதாகமம் பாவம் என்று விலக்கியது. அப்புறம், 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான விக்கா என்ற சமயத்தைச் சேர்ந்த பலர் தங்கள் வழிபாட்டுக்கே அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

கதையில் ஹாரி மந்திரம் படிக்கும் ஹாக்வர்ட்ஸ் பள்ளியின் முழுப்பெயரில் அந்தச் சொல் முதல் பொருளில்தான் வருகிறது. எதிர்ப்பவர்கள் அதை இரண்டாம் பொருளில் வாசிக்கிறார்கள், சிலர் மூன்றாவதையும் பிடித்துக்கொண்டு அரசுப் பள்ளியில் ஒரு மதத்தைப் பரப்பலாமா என்கிறார்கள். 2019இல் நாஷ்வில்லில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி இந்தப் புத்தகங்களை எடுத்தபோது பாதிரியார் சொன்ன காரணம், கதையில் வரும் மந்திரங்களும் சாபங்களும் நிஜமானவை, வாசித்தாலே தீய ஆவிகள் வரக்கூடும் என்பது. அதெல்லாம் வெறும் கற்பனை என்கிறது எதிர்த்தரப்பு. ஆக, கதையில் வரும் மந்திரமும் வேதாகமம் விலக்கியதும் ஒன்றா இல்லையா என்பதுதான் வழக்கே. இரண்டையும் சூனியம் என்று எழுதுகிறவர், விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறார்.

சூனியம் வடமொழிச் சொல், வெறுமை என்று பொருள். ஆனால் பேச்சில் அது யாரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். பில்லி சூனியம், சூனியம் வைப்பது, சூனியம் எடுப்பது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான் என்று கிண்டலாகச் சொல்லும்போதும் கெடுதல்தான் மையம், யாரும் ஆசையாகச் சூனியம் படித்தேன் என்று சொல்வதில்லை. ஹாரி பாட்டர் கதையில் ஒரு வகுப்பில், மேசைமேல் கிடக்கும் இறகை மிதக்கவைக்கப் பிள்ளைகள் படாதபாடு படுகிறார்கள், ஒரு சிறுமி பக்கத்தில் இருப்பவனின் உச்சரிப்பைத் திருத்துகிறாள். இவள் சூனியக்காரியா? அப்படி எழுதினால் கதையைப் படிக்காதவர்கூடத் தடை கேட்பவர் பக்கம் சாய்ந்துவிடுவார்.

வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் புரட்டுங்கள். உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் குறிசொல்லுகிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன், மாயவித்தைக்காரன் என்று ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. எல்லாரையும் விலக்கச் சொல்லும் இடத்திலேயே இவ்வளவு நிதானம்! நமக்கோ அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லே போதும் என்று ஆகிவிட்டது.

கதையில் வருவதற்கு மந்திரவித்தை என்பதே சரி. "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப" என்கிறது தொல்காப்பியம். சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பதுதான் அங்கே பொருள், கெடுதல் என்ற வாடை இல்லை. இதிலும் வடமொழி கலந்திருக்கிறதே, மாயக்கலை என்று சொல்லலாமே என்பார்கள் தூய தமிழ் அன்பர்கள். மேடையில் தொப்பிக்குள்ளிருந்து புறாவை எடுப்பவருக்கு அதை விட்டுவிடலாம், தெளிவைக் கெடுக்கும் தூய்மை எனக்கு வேண்டாம். எதிர்ப்பவரின் குற்றச்சாட்டைச் சொல்லும்போது மட்டும் சூனியம் என்று, அவர் சொன்னதாகவே எழுதுங்கள்.

தடை என்ற சொல்லும் இதே பாடுதான் படுகிறது. 2000 முதல் 2009 வரைக்குமான அமெரிக்க நூலகச் சங்கப் பட்டியலில் ஹாரி பாட்டர் வரிசை முதலிடம் பிடித்தது உண்மை. ஆனால் அது எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் பட்டியல், நீக்கச் சொல்லிக் கோரிக்கை வந்தாலே இடம் கிடைத்துவிடும். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் சீடர்வில்லில் 2002இல் நடந்ததும் முழுத் தடை அல்ல. புத்தகத்தைத் திறந்த அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள், பெற்றோர் கையெழுத்தோடு வந்தால் கொடுத்தார்கள். அதுவும் கூடாது என்று 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் புத்தகங்களை அலமாரிக்கே திருப்பி அனுப்பியது. இதற்கு "நீக்கக் கோரிக்கை", "கட்டுப்பாடு" என்று எளிய சொற்கள் இருக்கின்றன, எழுதத்தான் ஆளில்லை.