ஓர் இறகு போதும்

1990-இல் பிரேசிலின் பாயியா மாநிலத்தில், குராசா ஊரை ஒட்டிய முள்காட்டில் ஒரே ஒரு நீலக் கிளியைக் கண்டார்கள். ஸ்பிக்ஸ் மக்காவ் இனத்தில் காட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கூண்டுகளில். அதற்கு ஒரு ஜோடியைக் கொண்டுபோய் விடலாம் என்றார்கள். சரி, விடுவது ஆணையா பெண்ணையா? இந்த இனத்தில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

மயில், சேவல் என்றால் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். காகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்! விரைகளும் சூலகமும் பறவையின் வயிற்றுக்குள் இருக்கின்றன. மயக்க மருந்து கொடுத்து, சிறு துளையிட்டு, குழாய்க் கருவியை நுழைத்துப் பார்ப்பது பழைய வழி. கடைசிப் பறவையிடம் அந்த விஷப்பரீட்சைக்கு யார் துணிவார்கள்? அதனால் அது உதிர்த்த இறகில் விடை தேடினார்கள்.

நம்மில் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் போல பறவைகளில் இசட், டபிள்யூ. ஆனால் கணக்கு தலைகீழ். ஆணுக்கு இரண்டும் இசட். பெண்ணுக்குத்தான் ஒரு இசட், ஒரு டபிள்யூ. குஞ்சு ஆணா பெண்ணா என்பது அங்கே தாயின் கையில்.

சிஎச்டி1 என்ற மரபணு இந்த இரண்டு குரோமோசோம்களிலும் இருக்கிறது. புரதம் செய்யச் சொல்லும் பகுதிகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். நடுவே வரும் இடைப்பகுதிகளின் நீளம்தான் வேறுபடும். இந்த வேறுபாட்டை வைத்து 1998-இல் ரிச்சர்ட் கிரிஃபித்ஸும் சகாக்களும் வெளியிட்ட சோதனை பெரும்பாலான பறவைகளுக்குப் பொருந்தியது.

இறகின் அடிக்குழலில் ஒட்டியிருக்கும் செல்களிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் கிடைத்தால் இன்னும் வசதி. நம் சிவப்பணுக்களில் உட்கரு கிடையாது, பறவைகளுடையதில் உண்டு. அப்புறம் பிசிஆர் இயந்திரம் டிஎன்ஏவைச் சூடாக்கி, ஆறவைத்து, சிஎச்டி1-இன் அந்த இடைப்பகுதித் துண்டை மட்டும் நகலெடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும்.

நகல்களை அகரோஸ் கூழில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். நோன்பு நாளில் கடல்பாசி சாப்பிட்டிருப்பீர்களே, அந்த வகைப் பொருள்தான். அதில் குட்டைத் துண்டு வேகமாக ஓடும், நீளமானது பின்தங்கும். ஒரே நீளமுள்ள துண்டுகள் ஒரே கோடாகச் சேரும். ஒரு கோடு தெரிந்தால் ஆண். இரண்டு கோடு என்றால் பெண்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய இறகில் டிஎன்ஏ சிதைந்து, டபிள்யூ துண்டு நகலாகாமல் போனால் பெண்ணும் ஒற்றைக் கோடு காட்டி ஆணாகிவிடும். அதனால் ஒற்றைக் கோட்டை எடுத்த எடுப்பில் நம்பக் கூடாது. ஈமு, நெருப்புக்கோழியிடம் இந்த வித்தை பலிக்காது. அவற்றின் இசட்டும் டபிள்யூவும் இன்னும் பெரிதாகப் பிரியவில்லை.

1998-க்கு முந்தைய டிஎன்ஏ சோதனையிலேயே குராசா பறவையின் இறகு ஆண் என்றது. 1995 மார்ச்சில் கூண்டிலிருந்த ஒரு பெண்ணைக் காட்டில் விட்டார்கள். சில வாரங்களில் அது காணாமல் போனது. ஆண் பறவையோ அதற்கு முன்பே வேற்றினத்துப் பச்சை மக்காவ் ஒன்றுடன் ஜோடி சேர்ந்திருந்தது. பிறகும் அதனுடன்தான் திரிந்தது. 2000-க்குப் பின் அதை யாரும் பார்க்கவில்லை.