ஆன்டெனா: மொட்டைமாடிக் கொம்பின் கதை

“இப்ப தெரியுதா?”

மாடியிலிருந்து அண்ணன் கேட்பான். வாசலில் நிற்கும் நான் அதை உள்ளே சொல்வேன். டிவி முன்னால் இருக்கும் அம்மா, “தெரிஞ்சுது, போயிருச்சு” என்பாள். நான் அதை மேலே கத்துவதற்குள் அவன் இன்னும் கால்வட்டம் திருப்பியிருப்பான். தொண்ணூறுகளில், தூத்துக்குடிப் பக்கம் எங்கள் தெருவில், வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குவதற்கு முன் நாலைந்து மாடிகளில் இதே கேள்விதான். அந்த அலுமினியக் கம்பிக்கூட்டை வாய்வழக்கில் ‘ஆண்டனா’ என்போம். எழுத்தில் ஆன்டெனா.

சொல் லத்தீன். அதன் முதல் பொருளில் மின்சாரமும் இல்லை, அலையும் இல்லை. பாய்மரக் கப்பலில் பாயைக் கட்டித் தூக்கும் குறுக்குக் கழிக்குத்தான் அந்தப் பெயர். அதே கழிக்குத் தமிழில் பருமல் என்ற சொல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஆன்டெனாவின் நேர்த் தமிழ் பருமல்தான். ஆனால் “மாடிக்குப் போய்ப் பருமலைத் திருப்பு” என்றால் வள்ளத்தில் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

கப்பலில் இருந்த சொல் பூச்சியின் தலைக்கு ஏறிய கதை வேடிக்கையானது. கிரேக்கத்தில் ‘கெராயா’ என்ற சொல்லுக்குக் கொம்பு போன்ற நீட்சி என்றும் பொருள், பாய்க்கழி என்றும் பொருள். அரிஸ்டாட்டில் பூச்சிகளின் மீசையை அந்தச் சொல்லால் குறித்திருந்தார். 15ஆம் நூற்றாண்டில் அவருடைய விலங்கியல் நூலை லத்தீனில் பெயர்த்த தியோடர் காசா, பாய்க்கழிப் பொருளைப் பிடித்துக்கொண்டு ‘அந்தென்னா’ என்று போட்டார். கரப்பான்பூச்சிக்கு ஆன்டெனா முளைத்தது அப்படித்தான்.

வானொலிக்கு வந்த வழி வேறு. 1890களில் மார்க்கோனி இத்தாலியில் உயரமான கம்பத்தில் கம்பியைக் கட்டி அலைகளை அனுப்பிப் பார்த்தார். இத்தாலிய மொழியில் கம்பத்துக்கும் கழிக்கும் அதே பெயர்தான். கம்பத்தின் பெயர் அதில் தொங்கிய கம்பிக்கும் ஒட்டிக்கொண்டது. பூச்சியின் மீசையைப் பார்த்து வைத்த பெயர் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டும் ஒரே கழியிலிருந்து தனித்தனியாகக் கிளைத்தவை.

எங்கள் மாடியில் மீன்முள் மாதிரி நின்றது யாகி-உடா வகை. ஜப்பானில் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்ஸுகு யாகியும் 1926இல் வெளிப்படுத்தியது. ஒயர் மாட்டியிருக்கும் கம்பி ஒன்றே ஒன்றுதான், அது அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கும். 60 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மீட்டர். அப்படியானால் கம்பி இரண்டரை மீட்டர். மற்றவை எல்லாம் துணைக்கு: பின்னால் சற்று நீளமான கம்பி அலையைத் திருப்பிவிடும், முன்னால் உள்ள குட்டைக் கம்பிகள் அதை உள்ளே கூட்டிவரும். ஆகவே குட்டைப் பக்கம் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்தால்தான் படம். இதை யாராவது அப்போதே சொல்லியிருந்தால் அண்ணன் பாதி நேரம் கீழேயே இருந்திருப்பான்.

எங்களுக்குத் திசையும் இரண்டு. தூர்தர்ஷனுக்கு வடக்கே கொடைக்கானல். ரூபவாஹினிக்குத் தென்கிழக்கே கடல் தாண்டி இலங்கை. 1982இல் தொடங்கிய அந்த அலைவரிசையின் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் இருந்தது. நடுவே மறைக்க மலை இல்லை, கடல்தான். ஒரு நிகழ்ச்சி முடிந்து இன்னொன்றுக்குப் போக ரிமோட் போதாது, மாடிப்படி ஏற வேண்டும். சில நாள் அண்ணன் குழாயைப் பிடித்திருக்கும் வரை படம் தெளிவாக இருக்கும், கையை எடுத்தால் புள்ளி மழை. அவன் உடம்பும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும் என்பதுதான் காரணம். “அப்படியே நில்லு” என்பாள் அம்மா. பாவம், பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? இயற்பியல் பாடநூல் வழக்கு விண்ணலைக்கம்பி. பொருள் சரிதான், ஆனால் டிஷ்ஷைக் கம்பி என்று எப்படிச் சொல்வது? அலைவாங்கி என்பது அழகான சொல், வீட்டுமாடிக்கு அப்படியே பொருந்தும். கொடைக்கானல் கோபுரத்துக்குப் பொருந்தாது, அது வாங்குவதில்லை, கொடுக்கிறது. பூச்சிக்கு உணர்கொம்பு, உணர்நீட்சி என்று ஏற்கெனவே இருக்கின்றன.

என் விருப்பம் அலைக்கொம்பு. தமிழில் மாட்டுக்கு இருப்பதும் கொம்பு, கொடி படர நடும் கழியும் கொழுகொம்பு. கெராயா போலவே இதுவும் இரண்டையும் சொல்கிறது. வாங்கினாலும் அனுப்பினாலும் பிசகில்லை. டிஷ்ஷிலும் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டுதானே இருக்கிறது?

1993இல் சன் டிவி வந்தது, சில வருடங்களில் எங்கள் தெருவுக்குக் கேபிளும் வந்தது. ஒயரைக் கழற்றினோமே தவிர அலைக்கொம்பை யாரும் இறக்கவில்லை. ஒரு முனையில் அம்மா துணிக்கொடி கட்டினாள், மறுமுனையைக் காக்கை எடுத்துக்கொண்டது. கடைசியாக அண்ணன் திருப்பி விட்டபடியே, குட்டைப் பக்கம் இலங்கையைப் பார்த்து நின்றது.