ஒத்தி, போக்கியம், லீஸ்: எது சரியான சொல்?

கோவில்பட்டி, ராஜபாளையம், சங்கரன்கோவில் மாதிரி ஊர்களில் வீடு தேடிப் போனால் தரகர் முதலில் கேட்பது, "வாடகைக்கா, ஒத்திக்கா?" வடக்கே காஞ்சிபுரம், வேலூர் பக்கம் அதே கேள்வி "வாடகையா, போக்கியமா?" என்று வரும். இப்போது எல்லா ஊரிலும் 'லீஸ்' வந்துவிட்டது. மூன்றும் ஒன்றுதான் என்று பேச்சில் விட்டுவிடலாம். பத்திரத்தில் எழுதும்போது அப்படி விட முடியாது.

முதலில் பொருள். வீட்டுக்காரர் ஒரு பெருந்தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டைக் குடியிருக்கக் கொடுக்கிறார். மாத வாடகை கிடையாது. பேசிய காலம் முடிந்ததும் குடியிருந்தவர் காலி செய்கிறார், கொடுத்த தொகை அப்படியே திரும்ப வருகிறது. பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. இதுதான் ஒத்தி.

சிறிய ஊர்களில் இது இவ்வளவு பரவியதற்குக் காரணம் எளிய கணக்கு. மாதம் 6,000 ரூபாய் வாடகை போகும் வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்தி பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் வருடத்துக்கு 35,000, மாதத்துக்கு மூவாயிரம்கூடத் தேறாது. ஆக, ஒத்திக்கு வருகிறவருக்கு ஆறாயிரம் ரூபாய் வீடு பாதி விலையில் கிடைக்கிறது. வீட்டுக்காரர் அதே 5 லட்சத்தை வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,000 கட்ட வேண்டும். ஒத்திக்கு விட்டால் இழப்பது 6,000 வாடகை மட்டும். மகள் கல்யாணம், மாடி எடுப்பது, பழைய கடனை அடைப்பது என்று அவருக்கும் ஒரு தேவை இருக்கும். இரண்டு பக்கமும் வங்கி வாசலை மிதிக்காமல் காரியம் நடந்துவிடுகிறது.

அரசின் வீட்டு வசதித் திட்டங்களில் வீடு கட்ட மானியம் வாங்க வேண்டும் என்றால் பெரும்பாலும் சொந்தமாக மனை வேண்டும். வங்கிக் கடனுக்குச் சம்பளச் சான்று வேண்டும். இரண்டும் இல்லாமல், கையில் வருங்கால வைப்பு நிதிப் பணமோ வளைகுடாவில் சேர்த்த பணமோ கொஞ்சம் வைத்திருக்கும் உள்ளூர்க் குடும்பத்துக்கு ஒத்திதான் கட்டுப்படியாகிற வீடு. எந்த அமைச்சகமும் வகுத்துக் கொடுத்த ஏற்பாடு இல்லை இது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஒத்தி என்பது ஒற்றியின் பேச்சு வடிவம். நேற்று 'நேத்து' ஆனதும் காற்று 'காத்து' ஆனதும் எப்படியோ அப்படியே இதுவும். சொத்தைக் கடன் கொடுத்தவர் கையிலேயே ஒப்படைத்து, அதன் பயனை வட்டிக்கு ஈடாக அவர் அனுபவிக்க விடுவதுதான் ஒற்றி. இடைக்காலக் கல்வெட்டுகளில் நிலம் கைமாறும்போது, விற்கவும் ஒற்றி வைக்கவும் வாங்கியவருக்கு உரிமை உண்டு என்ற வாசகம் வருவது வழக்கம். விற்பனைக்கு அடுத்த இடத்தில் ஒற்றியை வைத்துத்தான் அன்றைய ஆவணங்கள் பேசின. திருவொற்றியூர் என்ற பெயருக்குத் தலபுராணம் வேறு விளக்கம் சொல்லும். ஆனால் குடியிருக்கும் ஊரையே ஒற்றி வைத்துவிட்ட கடவுள் என்று புலவர்கள் சிவனைச் சீண்டுவதற்கு இந்தப் பொருள்தான் இடம் கொடுத்தது.

மலையாளத்திலும் இதே சொல் ஒற்றிதான். மலபாரில் ஒற்றி பிடித்தவருக்குக் கூடுதலாக ஓர் உரிமையும் இருந்தது: உடையவர் அந்த நிலத்தை விற்க நினைத்தால் முதலில் இவரிடம்தான் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில், 1707 வாக்கில் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத் தொகுப்பிலும் ஒற்றிக்குத் தனி இடம் உண்டு. அங்கே காணியை எந்த மாதத்தில் மீட்கலாம் என்பது பயிரைப் பொறுத்தது. விதைத்தவன் அறுக்கும் முன்னே பணத்தை நீட்டி வெளியேற்ற முடியாது. இன்றைய நம் ஒப்பந்தங்களில் பல, பள்ளித் தேர்வு நேரத்தில் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லாதே என்றுகூட எழுதுவதில்லை.

போக்கியம் வடசொல். 'போக்ய' என்றால் அனுபவிக்கத் தக்கது. வடமொழி தருமநூல்கள் அடகை இரண்டாகப் பிரித்தன: கடன் கொடுத்தவர் காத்து மட்டும் வைக்க வேண்டியது ஒன்று, அனுபவித்துக்கொள்ளக் கூடியது இன்னொன்று. இரண்டாவது வகையிலிருந்து வந்ததுதான் போக்கியம். கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தச் சொல் வழங்குகிறது. பெங்களூரில் வீடு பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பொருளில் ஒற்றிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பத்திர எழுத்தர்கள் சுவாதீனம் (கைவசம்) என்ற சொல்லையும் முன்னால் சேர்த்து வாக்கியத்தை நீட்டுவார்கள், அது அவர்கள் பழக்கம்.

என் வழக்கு லீஸ் மேல்தான். விட்டுக்கொடுத்தல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது அது. அதற்கு நேரான தமிழ் குத்தகை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் 105-ஆம் பிரிவு குத்தகையைச் சொல்கிறது: ஒரு விலைக்கோ வாடகைக்கோ சொத்தை அனுபவிக்கும் உரிமையைக் கொடுப்பது. ஒற்றியைச் சொல்வது 58-ஆம் பிரிவின் ஈ (ஆங்கிலத்தில் d) உட்பிரிவு. அதன்படி கொடுத்த தொகை கடன், வீடு அந்தக் கடனுக்குப் பிணை, பணம் திரும்பி வரும்வரை வீட்டை வைத்துக்கொள்ள உரிமை உண்டு. குத்தகையில் காலம் முடிந்தால் வெளியேற வேண்டும், முன்பணம் வராவிட்டால் அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல வீடுகளில் 5 லட்சம் கைமாறுகிறது, ஒரு முத்திரைத்தாளில் '11 மாத லீஸ் அக்ரிமென்ட்' தட்டச்சாகிறது. 11 மாதம் ஏன்? ஓராண்டைத் தாண்டும் குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒற்றிக்கு இந்த மாதக் கணக்கே பொருந்தாது. தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று அதே சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது. 1882-இல் 100 ரூபாய் பெரிய பணம். இன்று அந்த வரம்புக்குள் அடங்கும் ஒத்தி எங்கேயும் இல்லை.

பதியாத ஒத்தி, சொத்தின் மேலுள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை நின்று, வங்கி வீட்டைக் கையகப்படுத்த வந்தால் குடியிருப்பவர் காட்டுவதற்கு அந்த முத்திரைத்தாள்தான் இருக்கும். இன்னொரு சிக்கல், வீட்டுக்காரர் வாங்கிய பணத்தைச் செலவழித்துவிடுவார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் இவருக்குப் பணம். தென்கொரியாவில் 'ஜொன்சே' என்று ஏறக்குறைய இதே முறை உண்டு. வீட்டு விலை இறங்கியபோது அங்கே ஏராளமானோர் பணத்தைப் பறிகொடுத்தார்கள், 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

எழுத்தில் ஒற்றி, பேச்சில் ஒத்தி என்பது என் பரிந்துரை. எழுத்தில் ஒத்தி என்று போட்டால், ஒத்திகை, ஒத்திவைப்பு என்று உறவில்லாத சொற்களோடு கலந்துவிடுகிறது. 'வீட்டை ஒத்தி வைத்தார்' என்றால் தள்ளிப்போட்டார் என்றும் படிக்கலாம். போக்கியம் பழகியவர்கள் அதையே சொல்லட்டும், தவறில்லை. வீட்டைக் கொடுப்பவர் ஒற்றி வைத்தவர், பணம் கொடுப்பவர் ஒற்றி பிடித்தவர், பணத்தைக் கொடுத்து வீட்டைத் திரும்பப் பெறுவது ஒற்றி மீட்பு. மாத வாடகைக்கு வாடகை, ஆண்டுக் கணக்கில் நிலத்தையோ கடையையோ எடுப்பதற்குக் குத்தகை, நகைக்கு அடகு என்று மற்றவற்றுக்கும் சொற்கள் இருக்கின்றன.

பதிவுச் செலவுக்கு அஞ்சித்தான் இரண்டு தரப்பும் லீஸ் என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. முத்திரைத் தீர்வை ஒற்றித் தொகையின் மேல் சதவீதக் கணக்கில் விழும், அது சுமைதான். அதை யார் கட்டுவது, பாதிப் பாதியா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். அப்புறம், வீட்டைப் பிடித்துப்போனாலும் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பேச்சை முடியுங்கள்.