டெய்லிங்ஸ் என்றால் தாதுக்கசடு

சுரங்கச் செய்திகளில் 'டெய்லிங்ஸ்' என்ற சொல் வந்தால், 'சுரங்கக் கழிவு' என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். தாதுவுக்கு மேலே மூடிக் கிடப்பதை அகற்றிக் கொட்டும் மண்ணும் பாறையும்கூடச் சுரங்கக் கழிவுதான். டெய்லிங்ஸ் வேறு. தாதுப்பாறையை மாவாக அரைத்து, வேண்டிய உலோகத்தை எடுத்தபின் மிஞ்சுகிற நைந்த சேறு அது.

'டெயில்' என்றால் வால். ஆலைக்குள் போகும் தாதுவைத் தலை என்றும், கடைசியில் வெளியேறுவதை வால் என்றும் சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். களத்தில் கடைசியாக ஒதுங்கும் மட்டமான தானியத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. ஆனால் தங்கச் சுரங்கத்தில் உடம்பைவிட வால்தான் பெரிது. ஒரு டன் பாறையை அரைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கம், மற்றதெல்லாம் வால்.

கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் அந்த வாலைப் பார்த்திருப்பார்கள். வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டியெடுத்த பாறை, சயனைடு கரைசலில் தங்கத்தை இழந்து, குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. ஊர்க்காரர்கள் அதைச் 'சயனைடு டம்ப்' என்கிறார்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. குன்றுகள் அங்கேயே இருக்கின்றன. காற்று அடித்தால் தூசி வீடுகளுக்குள் வருகிறது. சயனைடாவது வெயிலில் மெல்லச் சிதையும். பாறையில் இருந்த கந்தகச் சேர்மங்கள் அப்படியல்ல. காற்றும் மழைநீரும் பட்டால் அமிலமாகி, கன உலோகங்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். கட்டியான பாறையாக இருந்தவரை அடங்கிக் கிடந்தது, மாவாக அரைத்ததும் எளிதில் வெளியே வந்துவிடுகிறது.

பிரேசிலில் போர்த்துகீசிய மொழியில் இதை 'ரெஜெய்ட்டோ' என்பார்கள்: ஒதுக்கித் தள்ளியது. 2019 ஜனவரி 25 அன்று புருமாடின்யோவில் இரும்புத்தாதுச் சேற்றைத் தேக்கியிருந்த அணை உடைந்து, 270 பேர் இறந்தார்கள். பராவ்பேபா ஆறு சேறானது. அந்த அணையின் கரையையே பெரும்பாலும் அதே சேற்றைக் கொண்டுதான் படிப்படியாக உயர்த்தியிருந்தார்கள். நீர் ஊறியிருந்த கரை, சில நொடிகளில் கூழாகிச் சரிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வால்மண்' என்றால் யாருக்கும் புரியாது. 'வண்டல்' பொருத்தம்போலத் தோன்றும். ஆனால் வண்டல் வயலுக்கு ஆறு கொடுக்கிற வளம், அந்த நல்ல சொல்லை இதற்குத் தர எனக்கு மனமில்லை. 'சக்கை' நெருங்கி வருகிறது, ஆனால் சக்கையில் நஞ்சு என்ற எண்ணம் இல்லை. அடியில் தங்குவது, அழுக்கு, குற்றம் என்று எல்லாம் சேர்ந்த சொல் 'கசடு'. அதனால் 'தாதுக்கசடு' என்பதே என் தேர்வு; அதைத் தேக்கும் இடம் 'கசடுத் தேக்கம்'.

ஒன்றை மட்டும் பிரித்துவைக்க வேண்டும். உலையில் உருக்கும்போது பிரியும் 'ஸ்லாக்' என்பதையும் சிலர் கசடு என்றே எழுதுகிறார்கள். அதற்கு நம்மிடம் 'கிட்டம்' என்ற பழைய சொல் இருக்கிறது. பழைய உலைகள் இருந்த இடங்களில் இன்றும் இரும்புக்கிட்டம் கிடைக்கிறது. உலையில் பிறந்தது கிட்டம், அரவையில் பிறந்தது கசடு.