குழப்படிக்காரப் பிள்ளையும் அதன் ஊரும்

திருகோணமலை மாவட்டத்தில் சிறுவர்களுக்கான உளசமூகப் பணியில் இருக்கும் எங்களிடம் பாடசாலைகள் அனுப்பும் பிள்ளைகளில் பலர் ‘குழப்படி’, ‘படிப்பில் கவனமில்லை’ என்ற இரண்டு வரிக் குறிப்போடுதான் வருகிறார்கள். விசாரித்துப் பார்த்தால், குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுப் பணிக்குப் போன தாய், குடித்துவிட்டு வரும் தகப்பன், வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர், பேரப்பிள்ளைகளைத் தனியே பார்த்துக் களைத்துப்போன அம்மம்மா என ஒன்றன்மேல் ஒன்றாகப் பாரம் ஏறியிருக்கும். 2004 சுனாமியையோ, 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் நடந்த இடப்பெயர்வையோ இப்பிள்ளைகள் கண்டதில்லை. ஆனால் அவற்றைச் சிறுவயதில் கடந்து வந்தவர்கள் பலர் இன்று இவர்களுடைய பெற்றோர்.

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, துஷ்பிரயோகம், வீட்டு வன்முறை, வீட்டிலுள்ளோரின் போதைப் பழக்கம் போன்ற சிறுவயதுப் பாதிப்புகளின் வகைகள் கூடக் கூட, பிற்காலத்தில் இருதய நோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயமும் கூடுவதைக் காட்டியது. யுத்தமும் இடப்பெயர்வும் அந்த ஆய்வின் பட்டியலில் இல்லை. எங்கள் பிள்ளைகளின் கணக்கை அதைக்கொண்டு மட்டும் போட முடியாது.

எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்துப் பழகிய உடல், கதிரை இழுபடும் சத்தத்துக்கும் திடுக்கிடும். அப்படியான பிள்ளையை அமைதியாக இருக்கச் சொல்லிப் பிரம்பால் அடித்தால், அந்த எதிர்பார்ப்பு சரிதான் என்று நாமே உறுதிப்படுத்துகிறோம். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருந்தும், சில வகுப்பறைகளில் பிரம்பு இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.

பதாகை கட்டி, சிற்றுண்டிப் பொதி கொடுத்து, படம் பிடித்து முடிக்கும் ஒருநாள் பயிற்சிப் பட்டறைகளில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. கொட்டியாரக் குடாவை ஒட்டிய கிராமமொன்றில் மாதர் சங்கத்தினர் சனசமூக நிலையத்தில் நடத்தும் மாலை வகுப்பு அவற்றைவிடப் பயனுள்ளது. தினமும் அதே நேரம், அதே அக்கா, ஒரு கிண்ணம் அவித்த கடலை; ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் யாராவது வீடு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். யாரோடும் பேசாமல் வாசலோரப் பாயிலேயே இருந்த சிறுவனை அவர்கள் உள்ளே இழுக்கவில்லை, ‘என்ன நடந்தது?’ என்று துருவவுமில்லை. கொப்பிகளை எண்ணிக் கொடுக்கும் வேலையை மட்டும் அவனிடம் விட்டார்கள். எண்ணும்போது வாய்விட்டு எண்ண வேண்டியிருந்தது. பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. அடுத்து நடக்கப்போவது என்னவென்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பொழுதும், மாறாத ஒரு பெரியவருமே இப்பிள்ளைகளுக்கு முதலில் தேவை.

பயந்த பிள்ளைக்குக் கோயிலில் நூல் கட்டுவதையும், கிண்ணியாவிலோ மூதூரிலோ உம்மம்மா ஓதிப் பார்க்க அழைத்துப் போவதையும் நான் தடுப்பதில்லை. தனக்காக ஒருவர் மெனக்கெடுகிறார் என்பது பிள்ளைக்குப் புரிகிறது. அதோடு சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது என்பதை மட்டும் வற்புறுத்துகிறேன்.

ஊரின் கையில் விட முடியாதவையும் உண்டு. பாலியல் துஷ்பிரயோகத்தை, குடும்ப மானத்தைக் காரணம் காட்டி, ஊருக்குள்ளேயே பேசி முடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதன் பிறகும் அப்பிள்ளை அதே ஒழுங்கையில்தான் நடந்து பாடசாலைக்குப் போக வேண்டும். இத்தகைய சம்பவங்களிலும், பிள்ளை தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும்போதும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கோ உடனே அறிவிக்க வேண்டும். அந்த அழைப்பு இலவசமானது, தமிழிலேயே பேசலாம்.