டிரையல்ஸ் சைக்கிள்: இணைய யோசனையை நம்பி பிரேக்கில் கை வைக்கும் முன்

டிரையல்ஸ் ஓட்டுபவர்கள் இணையத்தில் யோசனை கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். இருக்கை இல்லாத சைக்கிளில், கால் தரையில் படாமல் பாறை மீதும் மரப்பலகை அடுக்குகள் மீதும் தாவி ஏறும் விளையாட்டு இது. 1970களில் ஸ்பெயினின் கேத்தலோனியாவில், மோட்டார் சைக்கிள் வீரர் பெரே பியும் அவர் மகன் ஓட் பியும் வளர்த்தெடுத்தது. அன்று தொட்டு இதன் நுட்பங்களை ஓட்டுபவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் தரும் கையேட்டில் அவற்றில் பாதிகூட இருக்காது. 2009இல் ஸ்காட்லாந்து வீரர் டேனி மேக்கஸ்கில் எடின்பரோ தெருக்களில் ஓட்டிய வீடியோ பரவிய பிறகு, பக்கத்தில் கற்றுத்தர ஆளில்லாத ஊர்களிலும் பலருக்கு இந்த ஆசை வந்தது. அவர்களுக்கு இணையம்தான் ஆசான்.

நான் இங்கிலாந்தில் சைக்கிள் மெக்கானிக். அந்த ஆசானிடம் கற்றதன் விளைவுகள் என் மேசைக்கு வருகின்றன. அங்கே கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை பொய்யல்ல. யாரோ ஒருவருடைய வண்டியில் உண்மையாகவே வேலை செய்தவை. அது எந்த வண்டி, எந்த பிரேக், எந்த ரிம் என்பது மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

அண்மையில் ஓர் இளைஞர் கொண்டுவந்த வண்டியில் பிரேக் லீவரை அழுத்தினால் அது திரும்பி வரவில்லை. கம்பிக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக் அது. பிரித்துப் பார்த்தால், மினரல் ஆயிலுக்காகச் செய்த பிரேக்கில் கார் பிரேக்குகளுக்கு ஊற்றும் டாட் 4 திரவம். உள்ளே ரப்பர் சீல்கள் உப்பி, பிஸ்டனை நகரவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தன. டாட் 4 ஊற்றியதும் பிரேக் அருமையாகப் பிடிக்கிறது என்று யாரோ எழுதியதைப் படித்திருக்கிறார். எழுதியவர் டாட் திரவத்துக்கென்றே செய்த டிஸ்க் பிரேக் (சக்கர நடுவிலுள்ள தகட்டைப் பிடிப்பது) வைத்திருப்பவராக இருக்கக்கூடும். ஹோப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்குகளில் பல அப்படிப்பட்டவை. மகுரா, ஷிமானோ நிறுவனங்களின் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் எந்தப் பக்கமும் சீல் கெடும். லீவர் ஒட்டிக்கொண்டதால் அந்தப் பிள்ளை பிழைத்தார். உயரத்தில் நிற்கும்போது சீல் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ரிம்மையே கட்டையால் பிடிக்கும் மகுராவின் எச்எஸ்33 ரிம் பிரேக்கில் ஆயிலை வடித்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவது டிரையல்ஸ் ஓட்டுபவர்களிடையே பழைய வழக்கம். லீவர் இலகுவாகிறது என்பார்கள்; அது உண்மைதான். தயாரிப்பாளர் தன் ஆயிலைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. ஆனாலும் இது ஓரளவு தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது: ரிம் பிரேக்கில் சூடு ரிம்மிலேயே தங்கிவிடும், திரவத்தை அவ்வளவாக எட்டாது. அதே யோசனையை டிஸ்க் பிரேக்குக்குக் கொண்டுபோனால், நீண்ட இறக்கத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகி, லீவர் கைப்பிடி வரை இறங்கிவிடும். இந்த ஊர்க் குளிரிலோ, உறைவதைத் தடுக்கும் திரவம் கலக்காவிட்டால் ரிம் பிரேக்கிலும் தண்ணீர் உறையும். யோசனை ஒன்றுதான், ஓரிடத்தில் பயன், மற்றோரிடத்தில் ஆபத்து.

ரிம்மை கிரைண்டரால் சுரண்டுவதும் அப்படித்தான். அலுமினிய ரிம்மின் பக்கச்சுவரில் மெல்லிய கீறல்கள் போட்டால் பிரேக் கட்டை இறுகப் பற்றும். நானே செய்துகொடுக்கிறேன். வட்டத்தகடு ரிம்மைத் தொட்டும் தொடாமலும் போகவேண்டும். அந்த அழுத்தத்தை வீடியோ காட்டாது. கீறல் மழுங்கும்போதெல்லாம் மறுபடி சுரண்டுவதால் சுவர் தேய்ந்துகொண்டே போகும். என்னிடம் வந்த ஒரு ரிம்மின் சுவர் நகத்தால் அழுத்தினாலே நெளிந்தது. அதில் காற்றடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தடவை சுரண்டலாம் என்று எழுதுபவர்கள் ரிம் எவ்வளவு தடிமனோடு பிறந்தது என்பதை எழுதுவதில்லை. கார்பன் ரிம்மில் இந்த வேலையே கூடாது.

பல்சக்கரக் கணக்கிலும் இதே குழப்பம். 18க்கு 12, அதாவது முன்னே 18 பல், பின்னே 12 பல் என்பது 20 அங்குலச் சக்கர வண்டிக்கு வழக்கமான விகிதம்: பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்று. 26 அங்குல வண்டிக்கு 18க்கு 15, அதாவது 1.2 சுற்று. சுற்றைச் சக்கர அளவால் பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 30, இரண்டாவது 31 சொச்சம், ஏறக்குறைய ஒன்றே. சக்கர அளவைப் பார்க்காமல் 18க்கு 12ஐ 26 அங்குல வண்டியில் மாட்டினால் 39 ஆகிவிடும். பெடலை ஒரு உதை உதைத்துத் தாவ முடியாது. முடியாததற்குத் தன் கால் பலத்தைக் குறைசொல்லி வருந்துகிறார்கள்.

செயின் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. செயினைப் பிரிக்கத் தள்ளி எடுத்த பின்னையே (கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணி) மறுபடி அடித்து மாட்டலாம் என்ற யோசனை அகலமான பழைய செயின்களின் காலத்தது. இன்றைய மெல்லிய செயினில் பின்னின் முனை தட்டி விரிக்கப்பட்டிருக்கும். ஒருமுறை தள்ளினால் அந்தப் பிடி போய்விடும். டிரையல்ஸில் உடல் எடை முழுவதும் ஒரு பெடல் உதையில் செயின்மேல் இறங்குகிறது. அறுந்தால் முழங்காலோ முகவாயோ முன் கம்பியில் மோதும். நீட்சி அளக்கும் கருவி நல்லதென்று காட்டினாலும் பக்கத்தகட்டில் விரிசல் இருக்கலாம். கழற்றித் துடைத்து, நல்ல விளக்கடியில் ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள்.

யோசனை சொல்பவரிடம் பிரேக்கின் பெயர், ரிம், சக்கர அளவு, அவருடைய எடை, எந்த ஆண்டு எழுதியது என்றெல்லாம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வண்டி எப்படி இருந்தது என்று சொல்பவரை நான் அதிகம் நம்புவேன். எத்தனை பேர் ஆமோதித்தார்கள் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆமோதித்தவர்களில் செய்து பார்த்தவர்கள் குறைவு.

எதை மாற்றினாலும், உயரத்தில் ஏறும் முன் தரையில் நின்று லீவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் எங்கோ கசிகிறது. பிடித்த பிடியில் வண்டியை முன்னும் பின்னும் பலமாகத் தள்ளுங்கள். சக்கரம் துளி நழுவினாலும் அன்று மேலே ஏறாதீர்கள். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.