எனாமல் பாத்திரத்தில் அடிப்பிடித்த பால் எப்படிக் கழல்கிறது?

எனாமல் பாத்திரத்தில் பால் அடிப்பிடித்துவிட்டால் எவர்சில்வரில் பழகிய கை உடனே கம்பி நாரைத் தேடும். அதை எடுக்காதீர்கள். நீங்கள் தேய்க்கப்போவது கண்ணாடியை.

சிலிக்கா, போராக்ஸ், சோடா முதலியவற்றை ஒன்றாக உருக்கி, அந்தக் குழம்பைத் தண்ணீரில் கொட்டிச் சில்லுச் சில்லாக நொறுங்க வைத்து, நைசாக அரைத்து, அந்தப் பொடியை இரும்பின் மேல் பூசி, 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் கிடைப்பது எனாமல். பொடி மறுபடியும் உருகி வழவழப்பான கண்ணாடிப் படலமாக இரும்பைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்புக்காக அடிப்பூச்சில் கோபால்ட் ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். வெள்ளைத் தட்டின் ஓரம் பெயர்ந்த இடத்தில் கருநீலம் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் எனாமல் 5க்கும் 6க்கும் நடுவில் நிற்கிறது. கம்பி நாரின் எஃகும் ஏறக்குறைய அதே அளவுதான். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் கல்தூள் கலந்த பாத்திரப் பொடி எனாமலைக் கீறும்; கம்பி நார் சாம்பல் நிறக் கோடுகளைப் போட்டு, நாளடைவில் பளபளப்பைப் போக்கும். அழகு போவதுகூடப் பெரிதில்லை. கண்ணாடியில் உணவு சுலபமாக ஒட்டாததற்குக் காரணம் அதன் வழவழப்பு. கீறல் விழுந்த இடம் ஒவ்வொன்றும் அடுத்த கருகலுக்குப் பிடிமானம். பலம்கொண்டு தேய்த்த பாத்திரம் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அடிப்பிடிக்கும்.

சரி, அடியில் ஒட்டியிருப்பது என்ன? பாலின் சூடு 70 டிகிரியைத் தாண்டும்போது அதிலுள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் சுருள் பிரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அடியில் படிகிறது. கூடவே கால்சியம் பாஸ்பேட்டும் படிகிறது. பெரும்பாலான உப்புகள் சூடு ஏற ஏற நன்றாகக் கரையும்; இது நேர்மாறு, சூட்டில் கரைதிறன் குறையும். இந்த மெல்லிய படிவுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். தண்ணீர் தொடும் இடம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. ஆனால் படிவு மூடிய இடத்தில் ஈரம் எட்டாது. அடுப்பின் சூடு அங்கேயே தேங்கும். 140 டிகிரி வாக்கில் புரதமும் பால் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பாகின்றன. அதற்கும் மேலே போனால் கரி.

கரியைக் கரைக்கும் பொருள் எதுவும் சமையலறையில் கிடையாது. நல்லவேளையாக, கரைக்கத் தேவையும் இல்லை. கரிக்கும் எனாமலுக்கும் நடுவில், முழுக்கக் கருகாத புரதமும் கொழுப்பும் பசையாக நிற்கின்றன. அந்தப் பசை விட்டால் கரி தானாகவே ஏடு ஏடாகப் பெயரும். பசையை விடுவிப்பது காரம், அதாவது அமிலத்துக்கு நேரெதிரான பொருள். புரதத்தை அது ஊதவைத்துத் துண்டாக்கும். கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக்கிவிடும். முன்பு அடுப்புச் சாம்பலால் பாத்திரம் விளக்கியபோது பாதி வேலையைச் செய்தது அதிலிருந்த பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம்தான். ஆனால் சாம்பலில் நறநறக்கும் துகளும் இருக்கும், எனாமலுக்கு அது ஆகாது.

நம் கைக்கெட்டும் மென்மையான காரம் ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். குளிர்ந்த நீரில் கரைத்தால் அதன் காரத்தன்மை pH என்ற அளவுகோலில் 8.3 அளவில்தான் இருக்கும் (7 என்பது நடுநிலை), பெரிய பலம் இல்லை. கொதிக்க வைத்தால் கதை மாறுகிறது. சூட்டில் கரியமில வாயு வெளியேற, சோடியம் பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக மாறுகிறது. காரத்தன்மை 9ஐத் தாண்டி 10ஐ நோக்கி ஏறும். இந்த அளவில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். சோடாவைத் தூவி ஊறவைப்பதற்கும் கொதிக்க வைப்பதற்கும் இடையில் இத்தனை வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

செய்முறை சுலபம். முதலில் பாத்திரம் தானாக ஆறட்டும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மேல் கண்ணாடி திடீரென்று சுருங்கி, மயிரிழை போல வெடிப்பு விழும். ஆறிய பிறகு கருகல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா போட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அணைத்துவிட்டு அப்படியே ஆறவிட்டு, மர அகப்பையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பெரும்பகுதி வந்துவிடும். வராவிட்டால் இன்னொரு முறை கொதிக்க வைப்பதுதான் வழி, அழுத்தித் தேய்ப்பது அல்ல. ஒட்டிய மிச்சத்துக்கு ஆப்பசோடாவையே ஈரமாகக் குழைத்துத் தேய்க்கலாம். அதன் கடினம் 2.5தான், எனாமலைக் கீறாது. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம், காரம் பட்டால் அது கறுக்கும்.

பால் கருகலில் இன்னொரு கட்டம் உண்டு. கரி போன பிறகும் வெளிறிய ஒரு படலம் ஒட்டியிருக்கும். அது கால்சியம் பாஸ்பேட்; காரத்துக்கு அசையாது, அமிலத்துக்குக் கரையும். கொஞ்சம் வினிகரை வெந்நீரில் கலந்து சில நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். பால் பண்ணை ஆலைகளில் குழாய்களையும் சூடாக்கிகளையும் இதே வரிசையில்தான் கழுவுகிறார்கள்: முதலில் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல், அப்புறம் தண்ணீர், பிறகு நைட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம். புரதத்துக்குக் காரம், தாதுவுக்கு அமிலம், ஒன்றன்பின் ஒன்றாக.

இதைத் தெரிந்துகொண்டால், ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்லும் வீடியோக்களை நம்ப மாட்டீர்கள். நுரை பொங்குவது பார்க்க வேகமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர், அது கருகலை ஒன்றும் செய்யாது.

எண்ணெய்க் கறைதான் உண்மையில் பிடிவாதமானது. அதிகச் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிப் பிசினாகிவிடுகின்றன. தோசைக்கல்லைப் பழக்கும்போது நாம் வேண்டுமென்றே உண்டாக்கும் படலமும் அதேதான். இதற்கு ஆப்பசோடாவின் பலம் போதாது. துணி வெளுக்க விற்கும் ஆக்சிஜன் பிளீச்சை, அதாவது சோடியம் பெர்கார்பனேட்டை, வெந்நீரில் கரைத்து இரவு முழுக்க ஊறவிடலாம். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் சோடியம் கார்பனேட்டும் பிரிகின்றன. முன்னது நிறத்தை வெளுக்கிறது, பின்னது பிசினை இளக்குகிறது. குளோரின் பிளீச்சை மட்டும் வினிகர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

வெளிப்பக்கமோ விளிம்போ பெயர்ந்திருந்தால் ஈரத்தைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவி வையுங்கள், துருப்பிடிக்காது. உள்பக்கத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் அதில் சமைக்க வேண்டாம்; பெயர்ந்த இடத்தின் ஓரத்திலிருந்து மேலும் கண்ணாடித் துணுக்குகள் உதிர்ந்து உணவில் கலக்கலாம்.